பேதிச் சனிக்கிழமை

1

எனக்கு ஐம்பத்தைந்து வயதாகப் போகிறது என்பதை எல்லாருக்கும் முந்தி ஞாபகம் வைத்திருந்தது நோர்வே அரசாங்கம்தான். பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே தடித்த உறையொன்று தபாற்பெட்டிக்குள் வந்து கிடந்தது. ஒஸ்லோவில் படிக்கும் மகள் ஆரணி விடுமுறையில் பேர்கனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பரிசாக்கும் என்று ஆவலோடு அவள்தான் பிரித்தாள். உள்ளே சின்னதொரு பிளாஸ்டிக் குழாய், மூடியோடு ஒட்டிய குச்சி, கழிப்பறைக் கிண்ணத்தின் மேல் விரிக்க ஒரு கடதாசி, எப்படி விரிப்பது என்று படங்கள்.

"அம்மா, அரசாங்கம் கேட்குது உங்கட கக்காவை" என்றாள்.

விஷயம் அதுதான். இந்த நாட்டில் ஐம்பத்தைந்து வயதானால் பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க இப்படியொரு குழாய் வீடு தேடி வரும். மலத்தில் துளியூண்டு எடுத்து அனுப்பிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் அதில் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்ப்பார்கள். எனக்கு இது புதுச் சங்கதியல்ல. இருபத்தைந்து வருடமாகப் பெருங்குடலிலும் இரைப்பையிலும் வரும் கட்டிகளுக்கு மருந்து ஆராய்வதுதான் என் தொழில். ஆனால் அந்தக் குழாய் என் சொந்தப் பெயர் போட்டு வந்தபோது, அதைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். பிறந்தநாளுக்குச் சனம் வரும். சனம் வந்தால் குசினிக்குள்ளும் வரும்.

பிறந்தநாள் காலை வழக்கம்போல் திருகோணமலையிலிருந்து அண்ணா வீடியோவில் வந்தார். இங்கே காலை என்றால் அங்கே மதியம் தாண்டியிருக்கும். உட்துறைமுகப் பக்கம் அவருக்கு ஒரு பட்டறை இருக்கிறது. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறார். பின்னால் யாரோ இரும்பில் தட்டிக்கொண்டிருக்க, கையெல்லாம் கிறீஸோடு, "பிள்ளை, நூறு வருஷம் இரு" என்று வாழ்த்தினார். நான் அரசாங்கத்தின் பரிசைப் பற்றிப் பகிடியாகச் சொன்னேன். அண்ணா பெரிதாகச் சிரிக்கிற ஆள். அவர் பட்டறையில் சிரித்தால் கடற்கரையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வேலி ஓரமாக நின்றார்.

"கண்ணுக்குத் தெரியாத இரத்தமோ பார்க்கிறவை?"

"ஓம் அண்ணா."

"அப்ப எனக்கு அந்தக் குழாய் தேவைப்படாது. எனக்குக் கண்ணுக்கே தெரியுது."

2

கேக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எவ்வளவு நாளாக, என்ன நிறம், மெலிந்தீர்களா, வயிறு நோகிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். சில மாதங்களாம். மூலம்தானாம். என் மச்சாள் தவமணி, அதாவது அண்ணாவின் மனைவி, கிழமைக்கு இரண்டு தரம் கருணைக்கிழங்கு சமைத்துக் கொடுக்கிறாராம்.

"மூலம் எண்டு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? எனக்குத் தெரியாதே என்ர உடம்பை?"

"உங்களுக்குத் தெரியாது. கமெரா விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"கமெரா எதால போகும்?"

"கீழால."

"ஆளை விடு பிள்ளை" என்றார்.

சும்மா விடுவேனா! அடுத்தடுத்த நாட்களில் நான் கதைத்த கதைக்கு ஒரு கல்லும் கரைந்திருக்கும். "எஞ்சின் புகைச்சா நீங்கள் திறந்து பார்க்காமலா எண்ணெய் மாத்துறனீங்கள்?" என்று கேட்டேன். "எஞ்சினுக்கு வெட்கமில்லை" என்றார்.

ஆனால் வெட்கம் மட்டுமல்ல காரணம். அதை நசீர் நானாதான் சொன்னார். கிண்ணியாக்காரர், அண்ணாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், அதனால் எனக்கும் அண்ணன் முறையில் நானா, ஓட்டோ ஓடுகிறார். "தங்கச்சி, அவனுக்குப் பயமே இல்லை. அதுதான் பிரச்சினை. அப்பிடி ஏதும் வந்தாலும் என்ர தங்கச்சியின்ர மருந்து இருக்கு, ஊசி ஒண்டு அனுப்பி விடுவா எண்டு சொல்லிக்கொண்டு திரியிறான்."

3

இந்த மருந்துக் கதையைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் "நீங்கள் என்ன வேலை?" என்று கேட்பார்கள். சொல்வேன். கேட்டவர் கையிலிருக்கும் வடையை ஒருதரம் பார்த்துவிட்டு, "நல்லது" என்பார். பிறகு மெதுவாக, "உங்கட வீட்டில ஆருக்கும் அந்த வருத்தம் வந்ததோ?" என்பார். நோர்வேக்காரரும் இதையேதான் கேட்பார்கள். இப்படியொரு தொழிலுக்கு வருவதற்குப் பின்னால் ஒரு சோகம் இருக்க வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. ஒன்றுமே இல்லை. படிக்க வந்த புதிதில் ஆய்வுகூடத்தில் இடம் தேடினேன். மூளைப் பிரிவில் இடமில்லை, இதயப் பிரிவில் இடமில்லை, குடல் பிரிவில் ஒரு கதிரை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். இன்னும் எழும்பவில்லை.

மொழிதான் முதல் சில வருடங்கள் படுத்தியது. பேராசிரியர் தொலைபேசியில் ஏதாவது சொல்லச் சொல்ல நான் ஆமாம் என்ற அர்த்தத்தில் "ஓம், ஓம்" என்பேன். அவர் சொல்வதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவர்கள் பாஷையில் அந்த ஓசை வந்தால் "அதாவது, இப்படியிருந்தால்..." என்று பின்னால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தமாம். பாவம் மனுசன், நான் ஏதோ பெரிய கேள்வி கேட்கப்போகிறேன் என்று எவ்வளவு நாள் காத்திருந்தாரோ தெரியாது.

வேலை எனக்குப் பிடித்த வேலை. எந்த மருந்தை எந்த மருந்தோடு சேர்த்தால் கட்டி சுருங்கும், அந்தச் சேர்க்கையை மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வருடக்கணக்காகச் செய்வோம். பெரும்பாலும் தோற்போம். எப்போதாவது ஒன்று சரிவரும். சரிவந்தது என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் அநேகமாகப் பிந்தி வந்தவர்கள். கட்டி ஈரலுக்கோ வேறெங்கோ போன பிறகு வருகிறவர்கள். மருந்து வென்றது என்றால், அவர்களுக்கு இன்னும் சில மாதங்கள், சிலருக்குச் சில வருடங்கள் கூடக் கிடைத்தது என்று அர்த்தம். அந்த மாதங்களுக்குள் ஒருவர் மகளின் கலியாணத்தில் ஆடினார். இன்னொருவர் தன் படகுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்து முடித்துப் படம் அனுப்பினார். அது சின்ன விஷயமல்ல. அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை.

அப்படிச் சரிவந்த ஒரு மருந்துச் சேர்க்கையில் என் பெயரும் இருந்தது. நீளமான பெயர் வரிசையில், பந்திக்குப் பிந்தி வந்தவள் போல நடுவில் எங்கேயோ. அந்த வருடம் ஊருக்குப் போனபோது அண்ணாவிடம் சொன்னேன். முடிந்தது கதை. மூதூர்ப் படகு வெளிக்கிடும் துறையில் நிற்கிற சனம் முழுவதற்கும், "கன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சது என்ர தங்கச்சி" என்று அறிவித்துவிட்டார். "நான் மட்டும் இல்லை அண்ணா, கனக்கப் பேர்" என்று சொன்னேன். "மற்றவை உதவி செய்திருப்பினம்" என்றார்.

வருடா வருடம் யாரிடமாவது பார்சல் கொடுத்து விடுவார், கருவாடு. உப்பில் ஊறிய மீனுக்கும் இரைப்பைக் கட்டிக்கும் உள்ள உறவைப் பற்றி நான் கூட்டங்களில் பேசிவிட்டு வந்து, வீட்டில் யன்னலைத் திறந்துவைத்து அதைப் பொரிப்பேன். என் கணவர், "பேசினது ஆர், பொரிக்கிறது ஆர்?" என்பார். கொஞ்சமாகத்தான் சாப்பிடுவேன். சரி, கொஞ்சத்தை விடக் கொஞ்சம் கூட.

4

கடைசியில் அண்ணாவை மடக்கியது என் அறிவல்ல, பேதி.

அந்த நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் பள்ளிக்கூட விடுமுறை வந்தால் ஒரு சனிக்கிழமை பேதிக்குக் குடிப்பது வழக்கம். வயிற்றில் சேர்ந்த அழுக்கெல்லாம் போகவேண்டுமாம். அப்பா சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்களில், அதாவது எண்ணெய்க் கிடங்குகளில், வேலை செய்தார். எண்ணெய் விஷயத்தில் மனுசன் கறார். விடியவே எழுப்பி, வெறும் வயிற்றில், ஆளுக்கொரு சின்னத் தகரப் பேணியில் ஆமணக்கெண்ணெய், அதற்கு மேல் சுடச்சுடக் கோப்பி. "மூக்கைப் பிடிச்சுக்கொண்டு குடி" என்பார். அண்ணாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். அப்பா கோப்பி எடுக்கக் குசினிக்குத் திரும்புகிற நேரத்தில் அண்ணா என் பேணியை வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பித் தருவார். அதனால் அன்றைக்கு முழுவதும் வளவுக்குப் பின்னால் ஓடுகிற ஓட்டமும் அவருடையதுதான். ஒருநாளும் அப்பாவிடம் சொன்னதில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசினதில்லை.

மத்தியானமானதும் போதும் என்று தோன்றினால் பேதியைக் "கட்ட" வேண்டும். தலையில் தண்ணீர் வார்த்து, ஒரு செம்பு மோர் குடித்து, புழுங்கலரிசிச் சோறும் மல்லி ரசமும் சாப்பிட வேண்டும். அந்தச் சோற்றின் ருசி! உலகத்தில் எந்த விருந்திலும் எனக்கு அந்த ருசி கிடைத்ததில்லை.

கமெரா விடுவதற்கு முன் குடல் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு முதல் நாள் பின்னேரமும் அன்று காலையும் ஒரு மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இதை அண்ணாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

"அண்ணா, இது ஒண்டும் புதுசில்லை. பேதி குடிக்கிற மாதிரித்தான்."

"பேதியோ?" முகம் மலர்ந்துவிட்டது. "உதை முதலே சொல்லியிருக்கலாமே! குடிச்சு எவ்வளவு காலம்!"

"ஆனா இந்த முறை உங்கட பங்கில பாதியை நான் குடிக்க ஏலாது."

"ஏன் ஏலாது? போத்தலில ஊத்தி அனுப்பி விடுறன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள்! அந்த நேரம் பார்த்து என் பின்னால் நின்ற ஆரணி, மாமாவுக்குத் தெரியட்டும் என்று குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் கையை நீட்டி அந்தக் குழாயை எடுத்துக் கமெராவுக்கு முன்னால் ஆட்டினாள்.

"உதென்ன? நீ இன்னும் அனுப்பேல்லையோ?"

ஆரணியின் கையிலிருந்து குழாயைப் பறித்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன்.

"அப்ப முதல் நீ அனுப்பு. பிறகு நான் குடிக்கிறன்."

அடுத்த நாளே அனுப்பினேன். கடதாசி விரித்து, குச்சியைச் சுழற்றி, உறையில் போட்டு, மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்த் தபாற்பெட்டியில் சேர்த்தேன். அதற்குப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தபாற்பெட்டியை மட்டும் எடுத்து அனுப்பினேன்.

5

நாள் குறித்தாயிற்று. அதுவும் ஒரு சனிக்கிழமை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. நடந்ததில் அவர்களுடைய பிழை ஒரு துளியும் இல்லை.

வெள்ளி பின்னேரம் முதல் பங்கைக் குடித்தார். சனி விடிய இரண்டாம் பங்கு. "ஆமணக்கெண்ணெயை விடத் திறம். எலுமிச்சை வாசம் அடிக்குது" என்று நற்சாட்சிப் பத்திரம் வேறு கொடுத்தார். எனக்குப் பரம திருப்தி. மத்தியானத்துக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் நேரம். இங்கே அது காலை என்று கணக்குப் பார்த்து நான் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனோடு உட்கார்ந்திருந்தேன். அடித்தது. நசீர் நானா.

"தங்கச்சி, ஆளைத் திருப்பி அனுப்பிப்போட்டினம்."

"ஏன்? சுத்தமாகேல்லையா?"

"அதெல்லாம் கண்ணாடி மாதிரிச் சுத்தமாம். பிறகு அதுக்குள்ள திரும்பப் போட்டிருக்கிறான்."

நடந்தது இது. பத்து மணியளவில் அண்ணாவுக்கு ஓட்டமெல்லாம் நின்றுவிட்டது. நல்லெண்ணெய் வைத்து முழுகினார். மச்சாள் வழக்கப்படி ஒரு செம்பு மோர் கொடுத்தார். புழுங்கலரிசிச் சோறு வடித்து, மல்லி ரசம் வைத்து, "பேதி குடிச்ச வயிறு காயக் கூடாது" என்று ஒரு பீங்கான் நிறையப் போட்டுக் கொடுத்தார். ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறியிருக்கிறார். அங்கே தாதி, "கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள் ஐயா?" என்று கேட்டதற்கு, "இப்பத்தான் பிள்ளை, வயிறு நிறைய" என்று பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

"ஐயோ மச்சாள், அந்தத் தாளில எழுதியிருக்கே, சாப்பிடக் கூடாதெண்டு!" என்று போனில் கத்தினேன்.

"தாள் அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு" என்றார் மச்சாள். "நீங்கள்தானே பேதி மாதிரி எண்டு சொன்னீங்கள். நீங்களே சொன்ன பிறகு தாள் எதுக்கு? பேதி எண்டா கட்டத்தானே வேணும்?"

அவரில் என்ன பிழை? வைத்தியக் குறிப்புகளை நோயாளிகளுக்குப் புரியும்படி எழுதுவது எப்படி என்று இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறவள் நான். என் சொந்த அண்ணாவுக்கு அழகான உவமை சொல்லி, அந்த உவமையை மோரும் ரசமும் வரை கொண்டுபோய் விட்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாம் என் மேல்தான். இன்னொரு நாள் குறிக்க மூன்று கிழமை, இருபத்தொரு நாள், ஆகும் என்றார்கள். அந்த மூன்று கிழமையும் அந்த இரத்தம் போய்க்கொண்டிருக்கும்.

அண்ணாவுக்கோ வேறு கவலை. "எண்டாலும் ரசம் திறம் பிள்ளை" என்றார். "கன காலத்துக்குப் பிறகு அந்த ருசி."

6

இனி நான் விளக்கம் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அந்தப் பொறுப்பை ஆரணி எடுத்துக்கொண்டாள்.

ஆரணியின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மழையிலும் பனியிலும் இழுத்துக்கொண்டு போனேன். பரிசெல்லாம் வாங்கினாள். ஒஸ்லோவுக்குப் படிக்கப் போனதும் தமிழ் மெல்ல மெல்லக் கழன்றது. இப்போது சொற்கள் எல்லாம் தமிழ், நிற்கிற ஒழுங்கு நோர்வே. அதைத் திருத்தப்போய் நாங்கள் எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறோம். "உங்களோட கதைக்கப் பயமா இருக்கு அம்மா, நீங்கள் பரீட்சை வைக்கிறீங்கள்" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு திருத்துவதைக் குறைத்தேன். கவலை மட்டும் குறையவில்லை.

அவள் மாமாவுக்கு ஒரு குரற்பதிவு அனுப்பினாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், வாயே திறக்கவில்லை.

"மாமா, வணக்கம். வெள்ளிக்கிழமை நீங்கள் குடிக்கிறீங்கள் மருந்து. சனிக்கிழமை நீங்கள் குடிக்கிறீங்கள் மருந்து. பிறகு நீங்கள் சாப்பிடுறீங்கள் ஒண்டுமில்லை. சோறு இல்லை. மோர் இல்லை. ரசம் இல்லை. மாமி தந்தாலும் இல்லை. பிறகு கமெரா. கமெரா முடியுது. பிறகு மாமி தாறா எல்லாம். நான் விரும்புறன் உங்களை. சரி."

இவ்வளவுதான். ஒரு உவமை இல்லை. எனக்குத் தமிழ் கூடிப்போய் வந்த வினையை, அவள் தனக்கிருந்த கொஞ்சத் தமிழால் சரிக்கட்டினாள்.

அண்ணா அந்தப் பதிவைப் பட்டறையில் ஒலிபெருக்கியில் போட்டுப் போட்டுக் கேட்டாராம். "மருமகள் எவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்கிறாள்!" என்று எனக்கே போன் எடுத்துச் சொன்னார். எஞ்சின் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் பாடமாகிவிட்டது. நசீர் நானா ஓட்டோவை நிறுத்தும்போதே "சோறு இல்லை, மோர் இல்லை, ரசம் இல்லை!" என்று குரல் கொடுத்துக்கொண்டுதான் இறங்குவாராம்.

இதற்கிடையில் என் குழாய்க்குப் பதில் வந்தது. ஒன்றுமில்லையாம். அண்ணாவுக்குச் சொன்னேன். "பார்த்தியா, எங்கட குடும்பத்தில அப்பிடியொண்டும் வராது" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை நானும் சாப்பிடவில்லை. அவர் பாதியை நான் குடிக்க முடியாது, பட்டினியாவது கிடக்கலாம். வெறும் தேத்தண்ணியோடு இருந்தேன். இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மயக்கம் தெளிந்ததும் அண்ணா முதலில் கேட்டது ரசமாம். பிறகுதான் எனக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, ஏதோ ஒண்டு இருக்காம். துண்டு வெட்டி அனுப்பியிருக்கினமாம்." பிறகு, என்னைத் தேற்றுகிற குரலில், "நீ யோசிக்காதை. உன்ர மருந்து இருக்குத்தானே" என்றார்.

7

அந்தத் துண்டின் முடிவு வந்தபோது மச்சாள் அதைப் படமெடுத்து அனுப்பினார். அப்படிப்பட்ட அறிக்கைகளை நான் எவ்வளவோ வாசித்திருக்கிறேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டே வாசிப்பேன். இதை வாசிக்கும்போது எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. புற்றுநோய்தான். சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது வெட்டி எடுத்துப் பார்த்த பிறகுதான் நிச்சயமாகத் தெரியும்.

லீவு எடுத்தேன். விசாவுக்கு விண்ணப்பித்தேன். திருகோணமலையில் பிறந்தவள், திருகோணமலைக்குப் போக, வருகையின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டேன். அண்ணாவின் குடலைப் பார்க்க என்று போட அங்கே இடமில்லை.

விமானத்தில் எனக்கு ஒரு நிமிடமும் நித்திரையில்லை. பரவியிருந்தால் எந்த மருந்து, எதோடு சேர்த்து, அவர் வயதுக்கு எவ்வளவு என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முடிவும் தெரியும். எவ்வளவு காலம் கூடக் கிடைக்கும், அதற்குள் என்னென்ன நோவு வரும், எல்லாம் தெரியும். வாழ்நாளில் முதற்தடவையாக என் மருந்து எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அண்ணா என் மருந்துக்கு ஆளாகக் கூடாது என்று எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். எங்கள் ஊர்க் கோணேசரை இரண்டு தரம்.

சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. வெட்டியெடுத்ததைப் பரிசோதித்த முடிவு வர நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்க வருகிற சனத்துக்கெல்லாம், "இவதான். மருந்து இவவின்ர" என்று கண்காட்சி காட்டுவார். தலையைக் குனிந்துகொண்டு இருப்பேன். ஒருவர் நெஞ்செரிவுக்கு என்ன குடிக்கலாம் என்று கேட்டார். இன்னொருவர் தன் நாய்க்கு வயிற்றில் கட்டி என்றார்.

முடிவு வந்த அன்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இளம் பெண். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அண்ணா ஏற்கெனவே சொல்லியிருப்பார் போல; கடதாசியை விளக்காமல் என் கையிலேயே தந்தார். வாசித்தேன். கட்டி முழுதாக வந்துவிட்டது. குடலின் சுவரைத் தாண்டவில்லை. எடுத்துப் பார்த்த நிணநீர்க் கணு ஒன்றிலும் இல்லை. "இனி மருந்தொண்டும் தேவைப்படாது அக்கா. ஒழுங்காக் காட்டிக்கொண்டு வந்தாப் போதும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவே மனமில்லை. பாவம், அடுத்த நோயாளி காத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தேன். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோல் திரியும் மான்களில் ஒன்று மதிலோரத்தில் நின்று யாரோ எறிந்த சாப்பாட்டுப் பெட்டியைச் சவைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். மான் நகரவுமில்லை. ஊர் மானுக்கு மனுசரின் அழுகையெல்லாம் பழக்கம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணா தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தார். மச்சாள் ஒரு பேணியில் மோர்ச்சோறு கரைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். டொக்டரிடம் அனுமதி கேட்டுத்தானாம். இந்த முறை எழுத்தில் வாங்கியிருப்பார், அவ்வளவு கவனம்.

"எல்லாம் வந்திட்டுது அண்ணா. ஒரு இடத்துக்கும் பரவேல்லை."

"நல்லது" என்றார், அது தெரிந்த விஷயம்தான் என்பதுபோல. "அப்ப எப்ப தொடங்கிறது?"

"எதை?"

"உன்ர மருந்தை."

"மருந்து தேவையில்லை அண்ணா."

"ஒரு குளிசையும்?"

"ஒரு குளிசையும் இல்லை."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. மோர்ச்சோற்றை வேண்டாம் என்று கையால் தள்ளினார். "நாய்க்கு வருத்தம் எண்டு வந்தவனுக்கும் சொல்லிப்போட்டன், என்ர தங்கச்சியின்ர மருந்துதான் எனக்குத் தரப் போகினம் எண்டு. இப்ப சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"கெதியா வந்தனான், அதால தேவைப்படேல்லை எண்டு சொல்லுங்கோ."

"இவ்வளவு வருஷம் படிச்சுக் கண்டுபிடிச்சது, சொந்த அண்ணனுக்கு உதவேல்லையே பிள்ளை" என்றார், உண்மையான மனவருத்தத்தோடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, திரும்ப அழுகையும் வந்தது. மச்சாள்தான் எங்கள் இருவரையும் அதட்டி, மிச்சச் சோற்றை அவர் வாய்க்குள் வைத்தார்.

பேர்கனுக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாளாகிறது. மழை அப்படியே இருக்கிறது. ஆய்வுகூடத்தில் என் கதிரையும் அப்படியே இருக்கிறது. நேற்று நசீர் நானா போன் எடுத்தார். அண்ணா பட்டறையைத் திறந்துவிட்டாராம். மூதூர்ப் படகுத் துறைக்கும் போகத் தொடங்கிவிட்டாராம். இரத்தம் போகிறது என்று வாயைத் திறந்து சொன்ன இரண்டு பேரைத் தானே கூட்டிக்கொண்டு போய்க் கமெராவுக்கு நாள் எடுத்துக் கொடுத்திருக்கிறாராம். ஆரணியின் குரற்பதிவைப் போட்டுக் காட்டித்தான் அனுப்புகிறாராம்.

"மருந்தைப் பற்றி என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கிறீங்கள் தங்கச்சி" என்று நானா சிரித்தார்.

இன்று காலை அண்ணாவையே கூப்பிட்டுக் கேட்டேன், சனத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்று. பின்னால் யாரோ இரும்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளதைத்தான் சொல்லுறன்" என்றார். "என்ர தங்கச்சியின்ர மருந்து ஆகலும் திறம். நேரத்தோட போனா அதைக் குடிக்கவே தேவையில்லை எண்டு. ஏன், பொய்யே?"

"இல்லை அண்ணா" என்றேன். "மெய்தான்."